குழாயில் ஓர் எழுத்து

இலண்டன் குளியலறைக் குழாயில் ‘சி’ என்று பொறித்திருந்தால் அது குளிர்நீர். ‘கோல்ட்’ என்பதன் முதலெழுத்து. பாரிசிலும் உரோமிலுமோ அதே எழுத்து வெந்நீருக்கு உரியது. பிரெஞ்சில் ‘ஷோ’, இத்தாலியத்தில் ‘கால்டோ’. இரண்டும் எழுத்தில் ‘சி’யிலேயே தொடங்குவன. அறியாது திறப்பவர் கை வெந்துபோகும்!

சூடானதை இலத்தீனில் ‘காலிடுஸ்’ என்பர். கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலுள் புதைந்த பொம்பெயி நகரின் நீராடு மண்டபங்களில் வெந்நீர் அறை ‘கால்டாரியம்’, குளிர்நீர் அறை ‘ஃபிரிஜிடாரியம்’. இலத்தீனின் புதல்விகளான பிரெஞ்சும் இத்தாலியமும் அவ்வேர்களைக் காத்தன. அங்கே குளிர்நீருக்கு ‘எஃப்’. ஆங்கிலக் ‘கோல்ட்’ ஜெர்மானிய வழிச்சொல். அதற்கு இலத்தீனில் உறவு, உறைபனியைக் குறிக்கும் ‘கெலு’. முதலெழுத்து ஒன்றியது தற்செயலே.

ஆயினும் ‘காலிடுஸ்’ ஆங்கிலத்திலும் ஒரு மூலையில் வாழ்கின்றது. வெந்நீர் பட்டுத் தோல் வேதலை ஆங்கிலேயர் ‘ஸ்கால்ட்’ என்பர். அச்சொல் பிறந்தது அதிலிருந்துதான்.