நகரம், கிராமம், தோட்டம்

இலங்கையின் குடிசன மதிப்பீடு நாட்டை நகரம், கிராமம், பெருந்தோட்டம் என மூன்று துறைகளாகப் பகுக்கிறது. 20 ஏக்கருக்குக் குறையாத பரப்பும், அதிலேயே தங்கி வேலை செய்யும் பத்துத் தொழிலாளரேனும் உள்ள தோட்டம் மூன்றாவது துறையில் சேரும். வருமானம் குறைந்திருந்தும் கல்வியிலும் நலவாழ்விலும் உயர்ந்த நாடு என்று 1970களின் இறுதி முதல் பொருளியலாளர் இலங்கையைப் புகழ்ந்தபோது, அவர்கள் காட்டிய தேசிய சராசரிக்குள் இத்துறை மறைந்துபோயிற்று. உணவுத் தட்டுப்பாடு நிலவிய 1974ஆம் ஆண்டில், பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு நாடு முழுவதிலும் ஏறத்தாழ 50 சிசு மரணங்கள் நிகழ, தோட்டங்களில் அவ்வெண் நூறைத் தாண்டியது.

இவ்வேறுபாட்டுக்கு மலையையும் குளிரையும் காரணம் சொல்வது பொருந்தாது. நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் ஒரே சரிவில் கிராமமும் தோட்டமும் அடுத்தடுத்து இருக்கின்றன. கிராமத்தவருக்குச் சிறு வயலோ வீட்டுத்தோட்டமோ இருந்தது. அரசு மருத்துவமாதும் அரசுப் பாடசாலையும் அவர்களை எட்டின. தோட்டத் தொழிலாளிக்குக் கிடைத்தது லயத்தில் ஓர் அறை. லயம் என்பது ஒரே கூரையின்கீழ் வரிசையாக, பல இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டி, கட்டப்பட்ட காம்பராக்கள் எனப்படும் அறைகளின் தொகுதி. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான காம்பராவும் முன்னால் ஒடுங்கிய இஸ்தோப்பு என்னும் திண்ணையுமே ஒரு குடும்பத்தின் வீடு. அதுவும் வேலையோடு வந்தது, வேலை போனால் போவது. தொழிலாளியின் முன்பணக் கடனைக் குறித்த ‘துண்டு’ என்னும் சீட்டு இல்லாமல் வேறு தோட்டத்தில் வேலை கிடைக்காது என்ற ஏற்பாடு 1921இல் ஒழிக்கப்பட்டது. ஆயினும் வீடு, மருந்து, பள்ளி மூன்றும் தோட்ட மேலாளரான துரையின் கையில் இருந்த நிலை மாறவில்லை.

வேறுபாட்டின் வேர் இங்கேதான் இருக்கிறது. குடியேற்ற அரசு தோட்டத்து மக்களைத் தன் குடிகளாகக் கருதாமல் தோட்டத்தின் பொறுப்பாகவே கருதியது. 1872இன் மருத்துவச் சட்டமும், பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்ற 1907இன் சட்டமும் கடமையை நிர்வாகத்தின் தலையில் வைத்தன. கொழுந்து பறிக்கும் கைகளைக் குறைக்கும் பள்ளியை நிர்வாகம் எவ்வளவு விரும்பியிருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. 1945இல் கல்வி அமைச்சர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியும் தோட்டப் பள்ளிகளை வெளியிலேயே விட்டது. 1947 தேர்தலில் தோட்டத் தொழிலாளரின் கட்சியான இலங்கை இந்தியக் காங்கிரசின் உறுப்பினர்கள் மலையகத்திலிருந்து பாராளுமன்றம் சென்றனர்; 1948இல் இந்திய வம்சாவளித் தோட்ட மக்களின் குடியுரிமையும் அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிக்கப்பட்டதால், 1952இல் அக்கட்சியிலிருந்து ஒருவரும் செல்ல இயலவில்லை. வாக்கில்லாத மக்களுக்காகச் சாலையோ மருத்துவமனையோ கேட்க எந்த அரசியல்வாதிக்கும் தேவை எழவில்லை.

1975இல் கம்பெனித் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரும், அரசே துரையாயிற்று என்பதற்கு மேல் உடனடி மாற்றம் அதிகமில்லை. தோட்டப் பள்ளிகள் கல்வித் திணைக்களத்துக்குள் வந்தது மட்டும் பெரும்பயன் தந்தது. உள்ளூராட்சியின் அடிமட்ட அமைப்பான பிரதேச சபை, தன் நிதியைத் தோட்ட எல்லைக்குள் செலவிடத் தடையாக இருந்த சட்டவிதி 2018இல்தான் திருத்தப்பட்டது.