கனடாவின் குடிவரவு அமைப்பு: எதிர்காலச் சவால்களும் முன்னுரிமைகளும்

நிரந்தரமாகக் குடியேற வருவோர், படிக்கவோ வேலை செய்யவோ சில காலம் வருவோர், அடைக்கலம் கேட்டு வருவோர் ஆகிய மூன்று தரப்பினரையும் தெரிவுசெய்து அனுமதிப்பது கனடாவின் குடிவரவு அமைப்பு. 2002இல் நடைமுறைக்கு வந்த குடிவரவு, அகதிகள் பாதுகாப்புச் சட்டம் இதன் அடித்தளம். 2021 கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் 23 விழுக்காட்டினர் குடியேறி வந்தவர்கள். பிறப்பு விகிதம் ஒரு பெண்ணுக்கு 1.3 குழந்தைக்கும் கீழே போய்விட்டதால் ஆட்கள் வராமல் நாடு இயங்காது. எத்தனை பேரை எடுப்பது என்பது மட்டுமே இன்றைய சிக்கல் அல்ல. வந்தவருக்கு இங்கேயே தங்க வழி உண்டா இல்லையா என்பதை உரிய காலத்தில் சொல்லாமல் இழுத்தடிப்பதே பெரிய சிக்கல்.

சற்றுப் பின்னோக்கிப் பார்த்தால், 1914இல் கோமகாதா மாரு கப்பலில் வந்த 376 இந்தியர்களில் பெரும்பாலோரை வான்கூவர் கரையில் இறங்கவிடாமல் திருப்பி அனுப்பிய நாடு இது. பிறந்த நாட்டையும் இனத்தையும் பார்க்காமல் கல்வி, மொழி, வயது, தொழில் ஆகியவற்றுக்குப் புள்ளி போடும் முறை 1967இல்தான் வந்தது. உலகில் பல நாடுகள் பின்பற்றிய முன்மாதிரி அது.

2015 ஜனவரியில் தொடங்கிய 'எக்ஸ்பிரஸ் என்ட்ரி' அந்த முறையின் இன்றைய வடிவம். தகுதியுள்ளவர்கள் இணையத்தில் பதிந்து காத்திருப்பார்கள். அவ்வப்போது நடக்கும் தெரிவில் அதிகப் புள்ளி உள்ளவர்களுக்கு அழைப்பு போகும். அழைப்பு வந்தபின் விண்ணப்பிக்க 60 நாள். மொத்தம் 1,200 புள்ளி. தனியாள் ஒருவருக்கு 20 முதல் 29 வயது வரை வயதுக்கென்று 110 புள்ளி உண்டு. 30இல் 105, 31இல் 99, 32இல் 94 என்று ஒவ்வொரு பிறந்தநாளும் 5 அல்லது 6 புள்ளியைக் குறைக்கும். 40க்குப் பிறகு சரிவு வேகமாகி 45இல் ஒன்றும் மிஞ்சாது. அழைப்புக்குச் சற்றுக் கீழே நிற்கும் ஒருவர் ஐயெல்ட்ஸ் ஆங்கிலத் தேர்வை மறுபடி எழுதிச் சேர்த்த புள்ளியை அடுத்த பிறந்தநாள் எடுத்துக்கொண்டுபோவது வழக்கமாக நடப்பது. 2023 முதல் மருத்துவத் துறை, கட்டடத் தொழில், பிரெஞ்சு மொழி எனப் பிரிவு வாரியாகவும் அழைக்கிறார்கள். தேவையை ஒட்டித் தெரிவுசெய்ய இது உதவுகிறது. ஆனால் எந்தப் பிரிவு எப்போது முன்னுரிமை பெறும் என்று காத்திருப்பவரால் கணிக்க முடிவதில்லை.

அடுத்த சவால் தற்காலிக வதிவாளர்கள். 2024இல் இவர்கள் தொகை 30 லட்சத்தைத் தாண்டியது. நாட்டு மக்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கும் மேல். வாடகை ஏறியது, மக்கள் எரிச்சலும் ஏறியது. 2025இல் 5 லட்சம் பேருக்கு நிரந்தர வதிவிட உரிமை என்று முன்பு அறிவித்திருந்த அரசு, 2024 அக்டோபரில் அதை 3,95,000 ஆகக் குறைத்தது. தற்காலிக வதிவாளரை மக்கள்தொகையில் 5 விழுக்காட்டுக்குக் கொண்டுவருவதும் இலக்கானது. மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு அதே ஆண்டு ஜனவரியிலேயே வந்துவிட்டது.

இந்த நெருக்கடிக்கு மாணவர்களைக் குற்றம் சொல்வது அநியாயம். ஒன்ராறியோ மாகாணம் 2019இல் உள்நாட்டு மாணவர் கட்டணத்தை 10 விழுக்காடு குறைத்து, பின்னர் உயரவிடாமல் நிறுத்திவைத்தது. வருமானத்துக்குக் கல்லூரிகள் வெளிநாட்டு மாணவர்களைப் பல மடங்கு கட்டணத்தில் சேர்த்தன. படித்தால் வேலை அனுமதி, அதன்பின் நிரந்தர வதிவிட உரிமை என்ற நம்பிக்கையில் நிலத்தை விற்றும் கடன் வாங்கியும் குடும்பங்கள் பிள்ளைகளை அனுப்பின. அனுமதி முடியும் நேரத்தில் இடங்களைக் குறைத்தால் அந்தச் சுமை அவர்கள் தலையில்தான் விழுகிறது.

தகுதிச் சான்று இன்னொரு பழைய புண். வெளிநாட்டு மருத்துவப் பட்டத்துக்குத் தெரிவின்போது மத்திய அரசு புள்ளி தருகிறது. தொழில் செய்ய உரிமம் தருவதோ மாகாணங்களின் தொழில்முறை அமைப்புகள். இரண்டுக்கும் நடுவே ஆண்டுகள் கழிகின்றன. ஒன்ராறியோவின் பொறியாளர் அமைப்பு கனடிய வேலை அனுபவம் கட்டாயம் என்ற விதியை 2023இல் நீக்கியது. மற்றத் துறைகளும் இந்த வழியில் வரவேண்டும்.

அகதிக் கோரிக்கைகளில் தேக்கம் பெரிது. கோரிக்கையாளரை நேரில் விசாரிக்க வேண்டும் என்று 1985இல் உச்ச நீதிமன்றம் 'சிங்' வழக்கில் தீர்ப்பளித்தது. அதைத் தொடர்ந்து 1989இல் குடிவரவு, அகதிகள் சபை உருவானது. 1986இல் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மீட்கப்பட்ட 155 ஈழத் தமிழரும், 2010இல் 'சன் சீ' கப்பலில் வந்த 492 பேரும் இந்த ஏற்பாட்டின் வரலாற்றோடு கலந்தவர்கள். 2024 முடிவில் விசாரணைக்குக் காத்திருந்த கோரிக்கைகள் இரண்டரை லட்சத்துக்கும் மேல். சபையின் விசாரணை உறுப்பினர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதே முதல் தேவை. தீர்ப்பு வரும்வரை பிரிந்திருக்கும் மனைவி, மக்களைக் கூப்பிட முடியாமல் தவிப்பவர்களுக்கு ஒவ்வொரு மாதமும் கனமானது.

பெற்றோரை அழைப்பதும் இப்படித்தான். 2020இல் விருப்பப் படிவம் கொடுத்தவர்களின் பட்டியலிலிருந்தே 2025 வரை குலுக்கல் நடந்தது. 2021இல் வேலையில் அமர்ந்து, ஸ்காபரோவில் வீடு எடுத்து, ஊரிலிருக்கும் அம்மாவுக்கு ஓர் அறை ஒதுக்கிய பிள்ளைக்குப் பெயர் கொடுக்கும் வாய்ப்பே அத்தனை ஆண்டும் திறக்கவில்லை.