முத்திரையில் நிற்கும் கோபுரம் எந்த ஊர்?

வீட்டு பீரோவைத் திறந்து ஏதாவது ஒரு தமிழ்நாடு அரசு காகிதத்தை எடுங்க. மார்க் ஷீட், சாதிச் சான்றிதழ், எதுவானாலும் சரி. அதில் ஒரு வட்ட முத்திரை இருக்கும். முன்னால் அசோகர் தூணின் சிங்கங்கள், இரண்டு பக்கமும் தேசியக் கொடி, பின்னால் ஒரு கோபுரம். அந்தக் கோபுரம் எந்த ஊர்?

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களிடம் கேட்டால், "இது கூடவா தெரியாது? எங்க ஆண்டாள் கோயில் கோபுரம்" என்பார்கள். மதுரையில் கேட்டால், மீனாட்சி அம்மன் கோயில் மேற்குக் கோபுரம் என்பார்கள். இரண்டு ஊருக்கும் நடுவில் சுமார் 75 கிலோமீட்டர். பள்ளிக்கூட வினாடி வினா முதல் இணையச் சண்டை வரை இந்த வாதம் இன்னும் ஓடிக்கொண்டே இருக்கு.

இன்றைய எபிசோடு இதைப் பற்றித்தான். கூடவே, உங்க கேமராவிலிருந்து போனுக்குப் போகும் போட்டோக்களைப் பற்றியும். ரெண்டும் ஒரே பிரச்சினை. படம் ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குப் போகுது, ஆனா எடுத்த இடம் கூடவே போகலை.

முதலில் வரலாறு. முத்திரை உருவானது 1949-இல். வரைந்தவர் ஆர். கிருஷ்ணராவ், மதுரையைச் சேர்ந்த ஓவியர். மதுரைத் தரப்பின் பெரிய ஆதாரமே அதுதான். மேற்குக் கோபுரத்தைப் பார்த்துத்தான் வரைந்ததாக அவரே சொன்னார் என்றும் அச்சில் வந்திருக்கு.

ஸ்ரீவில்லிபுத்தூர்த் தரப்பும் சும்மா இல்லை. அவர்கள் காட்டுவது வடபத்ரசாயி கோயிலின் ராஜகோபுரம். 11 நிலை, 190 அடிக்கு மேல் உயரம். மதுரைக் கோபுரங்கள் மாதிரி உடம்பு முழுக்க சுதைச் சிற்பங்கள் இருக்காது. வெறும் கோட்டோவியம் போல நிற்கும். முத்திரையில் தெரிவதும் அப்படிப்பட்ட கோபுரம்தானே என்பது அவர்கள் கேள்வி. இன்னொன்றும் உண்டு. 1949 ஏப்ரல் 6 அன்று சென்னை மாகாணத்தின் பிரதமர் பொறுப்புக்கு வந்தவர் பூ.ச.குமாரசாமி ராஜா. சொந்த ஊர் ராஜபாளையம். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரு பக் ரிப்போர்ட்டைப் பார்க்கிற மாதிரி இதைப் பாருங்க. 1949-இன் முதல் மூன்று மாதங்களில் அந்தப் பொறுப்பில் இருந்தவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். வெறும் "1949" என்றால் ரெண்டு ஆட்சியுமே அதில் அடங்கும். சிற்பம் குறைவு என்கிற வாதமும் பலவீனம்தான், ஏன்னா நாணயம் அளவுக்குச் சுருக்கினால் மதுரைக் கோபுரமும் சிற்பங்களை உதிர்த்துவிட்டு வெறும் கோடாகத்தான் தெரியும். நிலைகளை எண்ணலாம் என்றால், கோபுரத்தின் அடிப்பகுதியைச் சிங்கங்கள் மறைக்குது. ஓவியரின் ஊர் மதுரை என்பதும் அதை மட்டும் வைத்து எதையும் நிரூபிக்காது. மதுரைக்காரர் ஸ்ரீவில்லிபுத்தூரை வரையக் கூடாதா என்ன?

ரெண்டு தரப்பும் படத்தைச் சுற்றி இருக்கிற தடயங்களை வைத்துத்தான் பேசுறாங்க. படத்தோடு சேர்ந்து "இது இந்த ஊர், இந்தக் கோபுரம், இந்தத் தேதி" என்று ஒரு வரி வந்திருந்தால் வாதமே இல்லை. கோடிக்கணக்கான காகிதங்களில் அச்சாகிற படத்தில் அந்த ஒரு வரி இல்லை.

அந்தக் காலத்தில் அப்படித்தான் என்று நினைக்காதீங்க. அதற்கு 91 வருடம் முன்னால், 1858-இல், லினேயஸ் டிரைப் என்கிற ராணுவ அதிகாரி மதுரையைப் படம் எடுத்தார். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர் அவர். பெரிய கேமரா, காகித நெகட்டிவ், மாட்டு வண்டி காலம். ஆனாலும் அந்தப் படங்கள் இடத்தின் பெயரோடு, விளக்கக் குறிப்போடு தொகுதிகளாக வந்தன. இன்று அவை லண்டனில் ஒரு பெட்டிக்குள் இருந்தாலும், அது மதுரையின் எந்த மண்டபம் என்று பார்த்ததும் சொல்லிவிடலாம்.

டிரைப் செய்த வேலையை இன்று செய்வது எக்சிஃப். 1995-இல் ஜப்பானில் உருவான தரநிலை. படக் கோப்புக்கு உள்ளேயே ஒரு சின்ன லேபிள்: கேமரா மாடல், தேதி, நேரம். ஜிபிஎஸ்ஸுக்கும் அதில் தனிப் பகுதி உண்டு. வடக்கா தெற்கா, எத்தனை டிகிரி, நிமிடம், விநாடி. அட்சரேகையில் ஒரு விநாடி என்பது தரையில் சுமார் 31 மீட்டர். ஸ்ரீவில்லிபுத்தூர் 9.5 டிகிரி வடக்கு, மதுரை 9.9. இந்த லேபிள் இருந்தால் 75 கிலோமீட்டர் சண்டைக்கு வாய்ப்பே கிடையாது.

ஆனா இந்த லேபிள் வழியில் தொலையும். எங்கெங்கே என்று பார்ப்போம்.

ஒன்று, கேமராவிலேயே. பல கேமராக்களில் ஜிபிஎஸ் கிடையாது. புளூடூத் வழியாக போனிடமிருந்துதான் இடத்தை வாங்கும். அந்த இணைப்பு அறுந்திருந்தால் லேபிளில் அந்தப் பகுதி காலி.

ரெண்டு, போனுக்குள் வந்த பிறகு. 2019-இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல், போட்டோவின் இடத்தைப் படிக்க ஒரு ஆப்புக்குத் தனி அனுமதி வேணும். இல்லையென்றால் படம் மட்டும் கைக்கு வரும், இடம் மறைக்கப்பட்டிருக்கும். ஐபோனிலும் பகிரும்போது இடத்தை நீக்க ஒரு சுவிட்ச் உண்டு.

மூன்று, வாட்ஸ்அப். போட்டோவாக அனுப்பினால் படம் சுருங்கும், லேபிள் கழன்றுவிடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் அப்படியே போகும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்தால் சுத்தம், அது புதுப் படம்.

கேமராவில் ஜிபிஎஸ் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கு. போனில் ஒரு ட்ராக்கிங் ஆப்பை ஓடவிட்டு, போன பாதையை ஜிபிஎக்ஸ் கோப்பாகச் சேமியுங்க. பிறகு எக்சிஃப்டூல் மாதிரி ஒரு இலவச மென்பொருள், போட்டோ எடுத்த நேரத்தையும் பாதையையும் பொருத்தி இடத்தை எழுதிவிடும். இதில் முக்கியம் கேமரா கடிகாரம். அது 15 நிமிடம் முன்னால் ஓடுதுன்னு வைங்க. ஸ்ரீவில்லிபுத்தூரில் படம் எடுத்த கையோடு 40 கிலோமீட்டர் வேகத்தில் ராஜபாளையம் பஸ்ஸில் போனால், கோபுரம் ராஜபாளையத்துக்குக் குடி போயிடும். அதனால கிளம்பும்போதே போனின் கடிகாரத்தை கேமராவால் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்க. எவ்வளவு வித்தியாசம் என்று பிறகு திருத்தலாம்.

இடத்தை எல்லாருக்கும் காட்டணுமா? கூடாத நேரமும் இருக்கு. அதே ஊருக்கு மேற்கே, மலையில் சாம்பல் நிற அணில்களுக்காக 1988-இல் ஒரு சரணாலயம் வந்தது. 2021-இல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்தின் பகுதியானது. அங்கே எடுத்த அரிய விலங்கின் படத்தை சரியான ஜிபிஎஸ்ஸோடு பொதுவில் போட்டால், வேட்டைக்காரனுக்கு வழி சொன்ன மாதிரி. உங்க வீட்டு மாடியில் எடுத்த குழந்தை படத்துக்கும் இதே நியாயம்தான். வாட்ஸ்அப் லேபிளைக் கழற்றுவதில் அந்த நன்மை இருக்கு.

அதனால் விதி ரொம்ப எளிது. அசலில் இடம் இருக்கட்டும், ஊருக்கு அனுப்பும் நகலில் தேவைப்பட்டால் எடுத்துவிடுங்க. அசலை மெமரி கார்டிலிருந்து நேராக காப்பி செய்து, வாட்ஸ்அப் பக்கமே போகாத ஒரு ஃபோல்டரில் வையுங்க. நகலில் போனதை அசலிலிருந்து திரும்ப எடுக்கலாம். அசலிலேயே இல்லாததை எடுக்க முடியாது. முத்திரை விஷயத்தில் நடப்பது அதுதான்: எழுபது வருஷத்துக்கு மேலாக நகல்களை வைத்துக்கொண்டு ரெண்டு ஊர் பேசிக்கொண்டிருக்கு.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை. உங்க போனில் இருக்கும் பழைய குடும்பப் படம் ஒன்றைத் திறந்து விவரத்தைப் பாருங்க. இடம் காலியாக இருந்தால், அந்த இடம் எதுன்னு தெரிந்த பெரியவர் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதிடுங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.