சமண மலை வௌவால்களும் மதுரையில் வளர்ந்த கால உயிரியலும்

கீழக்குயில்குடி சமண மலைக்கு வருகிறவர்கள் கருப்பணசாமியைக் கும்பிட்டு, தாமரைக் குளத்தங்கரையில் ஆலமர நிழலில் கொஞ்சம் உட்கார்ந்து, பிறகு செட்டிப்புடவில் இருக்கும் தீர்த்தங்கரர் சிற்பத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறார்கள். பார்க்க வேண்டிய சிற்பம்தான். ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய வட்டெழுத்தும் அங்கே இருக்கிறது. ஆனால் இந்தப் பக்கத்துப் புடவுகளுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. உயிர்களின் உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தை ஆராயும் கால உயிரியல் உலகத்திலேயே புதுத்துறையாக இருந்த நாளில், மதுரைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இங்கே கூண்டும் கருவியுமாக வந்து அதை வளர்த்தார்கள். இது மதுரைக்காரர்களுக்கே தெரியாமல் இருப்பது, பள்ளிக்கூடத்தில் விலங்கியல் சொல்லிக்கொடுத்தவள் என்ற முறையில் எனக்கு நெடுநாள் வருத்தம்.

எனக்கு இந்தத் துறைமேல் பிடிப்பு வந்ததற்குக் காரணம் என் அப்பா. பஞ்சாலையில் முறை மாறி மாறி வேலை பார்த்தவர். இரவு முறை முடிந்து வந்து, சன்னலில் சாக்குப்படுதா கட்டிக்கொண்டு படுப்பார். நாங்கள் மூச்சு விடாமல் வாசலில் விளையாடுவோம். அப்படியும் பத்து மணிக்கெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிடுவார். "கண்ணை மூடுனாலும் ஒடம்புக்குப் பகலுன்னு தெரியுது தாயி" என்பார். கல்லூரியில் அறிவியல் படித்த பிறகுதான், அப்பா சொன்னது அசதியில் வந்த பேச்சு இல்லை, பெரிய பெரிய ஆய்வுக்கூடங்கள் துரத்திக்கொண்டிருந்த கேள்வி என்று புரிந்தது.

கேள்வி பழசுதான். அலெக்சாந்தரின் படையோடு போன ஆண்ட்ரோஸ்தனிஸ், பாரசீக வளைகுடாத் தீவொன்றில் ஒரு மரத்தின் இலைகள் இரவில் மூடிப் பகலில் விரிவதைக் குறித்து வைத்தார். அது புளியமரம் என்பது பிற்காலத்து அறிஞர்களின் கருத்து. நம் சாலையோரப் புளியமரத்தின் கீழே பொழுது சாயும் நேரத்தில் நின்றால் யாரும் இதைப் பார்க்கலாம். 1729இல் பிரெஞ்சு வானியலாளர் தெ மேரான் தொட்டாற்சுருங்கிச் செடியை இருட்டில் வைத்தார். வெயிலே படாதபோதும் அது நேரந்தவறாமல் விரிந்து மூடியது. வெளிச்சம் சொல்லித்தான் செடி பொழுதை அறிகிறது என்றால் இருட்டில் யார் சொன்னார்கள்? செடிக்குள்ளேயே கடிகாரம் இருக்கிறது என்று ஏற்றுக்கொள்ள அறிவியலுக்கு மேலும் இருநூறு ஆண்டு பிடித்தது. அதை நிலைநாட்டியவர்களில் முதன்மையானவர் ஜெர்மனியின் எர்வின் புயன்னிங். அவருடைய சோதனைப் பொருள் அவரைச் செடியின் இலை.

புயன்னிங்கின் ட்யூபிங்கன் நகரத்துக்குப் போய்ப் பயின்றவர் எம். கே. சந்திரசேகரன். மரோலி கிருஷ்ணய்யா சந்திரசேகரன், 1937இல் பிறந்தவர். அங்கே பழ ஈக்கள் கூட்டிலிருந்து வெளிவரும் நேரத்தை ஆராய்ந்தார். 1970களின் நடுவில் மதுரைப் பல்கலைக்கழகத்துக்கு வந்து சேர்ந்தார். 1966இல் தொடங்கிய, நாகமலையை ஒட்டிய வெட்டவெளியில் கட்டடங்கள் எழுந்துகொண்டிருந்த இளம் பல்கலைக்கழகம் அது. காமராசர் பெயர் சேர்ந்தது 1978இல். வெளிநாட்டில் பழகிய ஈக்களையே இங்கேயும் வளர்த்துக் காலத்தை ஓட்டியிருக்கலாம். அவரும் மாணவர்களும் பக்கத்தில் என்ன வாழ்கிறது என்று பார்த்தார்கள். அங்கேதான் அவர்களுடைய பெருமை தொடங்குகிறது என்பேன்.

பக்கத்தில் வாழ்ந்தது இலைமூக்கு வௌவால். ஹிப்போசிடெரோஸ் ஸ்பியோரிஸ் என்பது அறிவியல் பெயர். கைக்குள் அடங்கும் உருவம், பூச்சிதான் இரை. குகையின் உள்ளடுக்கில் கும்மிருட்டில் தொங்கும். ஆனாலும் பொழுது சாய்ந்ததும் வாய்ப்புறம் வந்து, வெளியே எட்டிப் பார்ப்பதுபோல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு உள்ளே போகும். இருட்டு சரியாகக் கவிந்ததும் கூட்டமாகக் கிளம்பும். வெளிச்சமே எட்டாத மூலையில் இருப்பதற்கு வெளியே பொழுது சாய்ந்தது எப்படித் தெரியும்?

ஜி. மாரிமுத்து, எஸ். ராஜன் ஆகியோரோடு சந்திரசேகரன் செய்த சோதனை எளிமையானது. சில வௌவால்களைக் கூண்டில் போட்டுக் குகைக்குள்ளேயே, மற்ற வௌவால்கள் சுதந்திரமாக வந்துபோகும் இடத்தில் வைத்தார்கள். கூண்டு வௌவாலால் வெளியே போக முடியாது, வானத்தைப் பார்க்க முடியாது. அது எப்போது அசைகிறது, எப்போது சும்மா இருக்கிறது என்பதை மட்டும் கருவி தாளில் பதியும். ஒவ்வொரு நாளின் கோட்டையும் முந்தைய நாளின் கோட்டுக்குக் கீழே ஒட்டிக்கொண்டே வர வேண்டும். கோடுகள் நேர்செங்குத்தாக அடுக்கி நின்றால் வௌவால் 24 மணிக் கணக்கில் இருக்கிறது என்று பொருள். நாளுக்கு நாள் சாய்ந்துகொண்டே போனால் அது உலகத்தோடு தொடர்பு அறுந்து, தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடுகிறது என்று பொருள். கூட்டம் இருந்த குகையில் கோடுகள் நிமிர்ந்து நின்றன. கூட்டம் கிளம்பும் நேரத்தில் கூண்டு வௌவாலும் படபடத்தது. வௌவாலே இல்லாத வேறொரு குகையில் தனியே வைத்தபோது கோடுகள் சாயத் தொடங்கின. சூரியன் சொல்லவேண்டியதை அங்கே உறவுக்கூட்டம் சொல்லிக்கொண்டிருந்தது. 1981இல் இந்த ஆய்வு வெளிவந்தது. கடிகாரத்தைத் திருத்துவது வெளிச்சமும் வெப்பமும் மட்டுமல்ல, கூடி வாழ்வதும்தான் என்று இயற்கைச் சூழலிலேயே காட்டிய ஆய்வு அது.

இரண்டு ஆண்டு கழித்து அதே கேள்வியை இன்னும் கூர்மையாக்கினார்கள். இலைமூக்கு வௌவால்கள் வாழும் குகையில் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்த வௌவாலைக் கூண்டில் வைத்தால்? சுற்றிலும் அத்தனை பேர் கிளம்பியும் திரும்பியும் அதன் கடிகாரம் அவர்களோடு சேரவில்லை. தன் இனம் சொன்னால்தான் கேட்கும்.

வெளிச்சத்தையும் அவர்கள் விட்டுவிடவில்லை. டி. ஜோஷியும் சந்திரசேகரனும் 1982இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே சொல்கிறது: விண்மீன் ஒளியைவிட மங்கலான பகல்வெளிச்சம் போதும், இந்த வௌவாலின் கடிகாரம் நேராகிவிடும். 1984இல் இன்னொன்று. இருட்டில் இருக்கும் வௌவால்மேல் அரை மில்லி நொடி நேரம் மட்டும் பளிச்சென்று ஒளி பாய்ச்சினார்கள். ஒரு நொடியை இரண்டாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. அந்தக் கண்ணிமைப்புக்கும் குறைந்த ஒளியே உள்கடிகாரத்தின் முள்ளை நகர்த்திவிட்டது. இரவில் குழந்தை கையில் கைப்பேசியைக் கொடுக்கிறவர்கள் இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால் நல்லது. மனிதனுக்கு அவ்வளவு குறைந்த ஒளி போதும் என்று நான் சொல்ல வரவில்லை. கண் என்பது பார்ப்பதற்கு மட்டும் உள்ள உறுப்பில்லை, உடம்புக்கு நேரம் சொல்லும் உறுப்பும் அதுவே என்பதைச் சொல்கிறேன். விழித்திரையில் இந்த வேலைக்கென்றே தனி ஒளியுணர் செல்கள் இருப்பது 2002இல்தான் உறுதிப்பட்டது.

எனக்கு இவற்றிலெல்லாம் நெருக்கமானது சுண்டெலி ஆய்வு. நம் வயல் வரப்பில் வளை தோண்டும் மிகச் சிறிய எலி, மஸ் பூடுகா. குட்டிகளைத் தொடர் இருட்டிலேயே வைத்து, தாயை மட்டும் நாள்தோறும் ஒரே கணக்கில் சேர்ப்பதும் பிரிப்பதுமாக இருந்தார்கள். தாய் வந்துபோகும் அந்த ஒழுங்கே குட்டிகளின் கடிகாரத்தைச் சீராக்கியது. விஸ்வநாதனும் சந்திரசேகரனும் எழுதிய இந்த ஆய்வை 1985இல் 'நேச்சர்' இதழ் வெளியிட்டது. உலகத்தின் முதல்வரிசை அறிவியல் இதழில் மதுரை வயற்காட்டு எலி இடம்பிடித்த கதையை எந்தப் பாடப்புத்தகத்திலும் நான் பார்த்ததில்லை.

பிறகு மனிதர்கள். ஜெர்மனியில் யுயர்கன் அஷாஃப் நிலவறை கட்டி, கடிகாரமும் சன்னலும் இல்லாமல் ஆட்களைத் தங்கவைத்து ஆராய்ந்தார். மதுரைப் பல்கலைக்கழகத்திலும் அப்படியொரு தனிமை ஆய்வுக்கூடம் இருந்தது. உள்ளே இருப்பவருக்கு வானொலி கிடையாது, செய்தித்தாள் கிடையாது, மணி கேட்க ஆள் கிடையாது. தோன்றும்போது தூங்கலாம், தோன்றும்போது எழலாம். நாள்கள் ஓட ஓட, சிலருக்கு உறக்கமும் விழிப்பும் ஒரு கணக்கில் போக, உடல்வெப்பம் இன்னொரு கணக்கில் தனியே பிரிந்து ஓடும். தூங்கா நகரம் என்று பேர் வாங்கிய ஊரில் தூக்கத்தை இப்படி அளந்தார்கள். விடிகாலைக்குச் சற்றுமுன் உடம்பின் வெப்பம் அடிமட்டத்துக்கு இறங்கும். இரவு முறையில் எந்திரத்தின் முன்னால் நிற்கிறவருக்குக் கண் சொக்குவதும் கை தவறுவதும் அந்த நேரத்தில்தான். மேற்பார்வை பார்க்கிறவர்கள் அதைச் சோம்பல் என்று எழுதிவைப்பார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, உள்கடிகாரத்தைக் குலைக்கும் முறைவேலையைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவற்றின் வரிசையில் 2007இல் சேர்த்தது. அப்பாவின் தலைமுறைக்கு அதைச் சொல்ல ஆள் இல்லை.

மரபணுப் பக்கம் நடந்தது உலகறிந்த கதை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1971இல் அமெரிக்காவில் கோனோப்காவும் பென்சரும் நேரம் பிறழ்ந்த பழ ஈக்களைக் கண்டார்கள். 1984இல் அதற்குக் காரணமான மரபணு தனித்தெடுக்கப்பட்டது. அது உண்டாக்கும் புரதம் செல்லுக்குள் சேர்ந்துகொண்டே போய், ஓர் அளவுக்குமேல் தன்னை உண்டாக்கிய மரபணுவையே அடக்கிவிடும். புரதம் சிதைந்து தீர்ந்ததும் மரபணு மறுபடி விழிக்கும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ ஒரு நாள். இதற்காக ஹால், ரோஸ்பாஷ், யங் மூவருக்கும் 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைக்கு மருத்துவர்கள் சில கொழுப்பு மாத்திரைகளை இரவில் போடச் சொல்வதும் இந்த அறிவின் தொடர்ச்சிதான். கல்லீரல் கொழுப்பை அதிகம் உண்டாக்குவது இரவில்.

மதுரைக்கும் அந்த அலை வந்தது. 1980களின் நடுவில் உயிர்த்தொழில்நுட்ப முதுகலைப் படிப்பு தொடங்கிய முதல் சில இந்தியப் பல்கலைக்கழகங்களில் மதுரையும் ஒன்று. ஆர். எம். பிச்சப்பன் குழு ஊர் ஊராகப் போய் இரத்த மாதிரி எடுத்து, உசிலம்பட்டிப் பக்கத்து ஜோதிமாணிக்கத்தில் ஓர் இளைஞரிடம் எம்130 என்ற பழைய மரபணுக் குறியைக் கண்டது. அந்த இளைஞரை முதல் இந்தியர் என்று எழுதியவர்கள் தவறாக எழுதினார்கள். அது தந்தை வழியில் வரும் ஒரே ஒரு இழையின் குறி. எந்தச் சாதியும் அதை வைத்து மூப்புக் கோர முடியாது. இப்போது கொந்தகை முதுமக்கள் தாழிகளின் எலும்பிலிருந்து பழைய மரபணுவைப் பிரித்தெடுக்கும் வேலையும் அதே வளாகத்தில் நடக்கிறது. இதற்கெல்லாம் விலையுயர்ந்த எந்திரம் வேண்டும், வெளிநாட்டு ஆய்வுக்கூடத்தின் துணை வேண்டும், வேண்டியதுதான். ஆனால் எந்திரம் வந்தபின் கேள்வி தேடுவதல்ல முறை. கூண்டும் ஓடும் தாளும் கையில் இருந்தவர்கள் உலகத்துக்குப் புதிதாய் ஒன்றைச் சொன்னார்கள் என்றால், கேள்வி அவர்களிடம் முதலிலேயே இருந்தது.

சந்திரசேகரன் பிறகு பெங்களூருவில் ஜவஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆராய்ச்சி மையத்துக்குப் போனார். 2009இல் மறைந்தார். மாரிமுத்து மதுரையிலேயே வௌவால் ஆய்வைத் தொடர்ந்தார்.

மதுரை ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஒரு மாலை கீழக்குயில்குடிக்குக் கூட்டிப்போங்கள். புடவுக்குள் நுழைய வேண்டாம், கைவிளக்கு அடிக்க வேண்டாம், பட்டாசு கொளுத்துகிறவர்களைக் கண்டால் தடுங்கள். வெளியே தள்ளி உட்கார்ந்து, முதல் வௌவால் கிளம்பும் நேரத்தை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த வாரமும், அடுத்த மாதமும் எழுதச் சொல்லுங்கள். சூரியன் மறையும் நேரம் நாட்காட்டியில் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும். மலையின் தகவல் பலகையில் சமணரைப் பற்றிய வரிகளுக்குக் கீழே இந்த ஆய்வைப் பற்றியும் நாலு வரி எழுதும்படி பல்கலைக்கழகமும் தொல்லியல் துறையும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும்.