இறுகிய மண்ணில் வேர் வளராமல் நிற்பது ஏன்? பிரேக் போடுவது ஒரு வாயு!

டிராக்டர், அறுவடை இயந்திரம் என கனமான வண்டிகள் திரும்பத் திரும்ப ஓடிய வயலில் மண் இறுகிப்போகும். அங்கே விதைத்த பயிரின் வேர் ஆழமாக இறங்காது. குட்டையாக, தடித்துப்போய் நின்றுவிடும். "மண்ணு கெட்டியா இருக்கு, வேரால துளைக்க முடியல" என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் காரணம்.

ஆனால், 2021 ஜனவரியில் 'சயின்ஸ்' இதழில் வெளியான ஆய்வு வேறொன்றைச் சொன்னது. இறுகிய மண்ணிலும் வேரால் ஓரளவு துளைத்துப் போக முடியும். ஆனால், அதற்கு முன்பே வேர் தனக்குத்தானே பிரேக் போட்டுக்கொள்கிறது. பிரேக்கை அழுத்துவது எத்திலீன் என்ற ஹார்மோன். எப்படி என்று பார்ப்போம்.

எத்திலீன் என்றால் என்ன?

மாங்காயை அரிசிக்குள் புதைத்து வைத்தால் சீக்கிரம் பழுத்துவிடும் அல்லவா? அதற்குக் காரணமான அதே வாயுதான். காயிலிருந்து வெளியேறும் எத்திலீன், காற்றில் கலந்து போகாமல் காயைச் சுற்றியே தேங்கி நிற்கும். அதனால் காய் வேகமாகப் பழுக்கும்.

1901-ல் ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில், ஆய்வகத்தில் வளர்ந்த பட்டாணி நாற்றுகள் குட்டையாக, தடித்து, பக்கவாட்டில் வளர்ந்தன. விளக்கெரிக்கப் பயன்படுத்திய வாயுவில் இருந்த எத்திலீன்தான் காரணம் என்று டிமிட்ரி நெல்யுபோவ் கண்டுபிடித்தார். செடியின் வளர்ச்சியை எத்திலீன் மாற்றும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

வேர் இதை எப்படி உணர்கிறது?

செல்லுக்குள் எத்திலீனைப் பிடிக்கும் புரதங்கள் உண்டு. இவற்றுக்கு ஏற்பிகள் என்று பெயர். இவற்றில் முதலாவதான 'இடிஆர்1' 1993-ல் அடையாளம் காணப்பட்டது. தாவர ஹார்மோன் ஒன்றுக்கு ஏற்பி கண்டறியப்பட்டது அதுவே முதல்முறை. எத்திலீனைப் பிடிக்க இந்த ஏற்பிக்கு தாமிரம் தேவை.

இதில் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. எத்திலீன் வந்தால் ஏற்பி வேலையைத் தொடங்கும் என்றுதானே நினைப்போம்? நடப்பது நேர் எதிர். எத்திலீன் இல்லாதபோதுதான் ஏற்பி சுறுசுறுப்பாக இருக்கும். கேட்டைப் பூட்டிவிட்டு நிற்கும் வாட்ச்மேன் மாதிரி, உள்ளே எந்த மாற்றமும் நடக்க விடாது. எத்திலீன் வந்து ஒட்டியதும் வாட்ச்மேன் ஒதுங்கிவிடுவார். பூட்டு திறக்கும். 'இஐஎன்2' என்ற புரதத்தின் ஒரு பகுதி செல்லின் உட்கருவுக்குள் போய், எத்திலீனுக்கான மரபணுக்களை இயங்க வைக்கும்.

மண்ணுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

வேர் நுனி எப்போதும் கொஞ்சம் எத்திலீனை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். பொலபொலவென்று இருக்கும் மண்ணில், துகள்களுக்கு இடையிலான காற்று இடைவெளிகள் வழியாக அது கலைந்து போய்விடும். இறுகிய மண்ணில் அந்த இடைவெளிகள் குறைவு. வாயு வெளியேற வழியில்லாமல் வேரிலேயே தேங்கும். அரிசிக்குள் புதைத்த மாங்காயின் கதைதான் இங்கேயும்.

எத்திலீன் தேங்கினால், முன்னால் மண் இறுகியிருக்கிறது என்பது வேருக்கு வரும் எச்சரிக்கை. நீளமாக வளர்வதை நிறுத்திவிட்டு வேர் பருக்கத் தொடங்கும். இந்த வேலையை எத்திலீன் தனியாகச் செய்வதில்லை என்பது 2022-ல் வெளியான நெல் ஆய்வில் தெரியவந்தது. ஆக்சின் ஹார்மோன் மூலம் நீள வளர்ச்சியைத் தடுக்கிறது. அப்சிசிக் அமிலம் மூலம் வேரைப் பருக்க வைக்கிறது.

எப்படி நிரூபித்தார்கள்?

சீனாவின் ஷாங்காய் ஜியாவ் டாங் பல்கலைக்கழகம், பிரிட்டனின் நாட்டிங்காம் பல்கலைக்கழகம் உள்ளிட்டவற்றின் ஆய்வாளர்கள் நெல்லையும், கடுகு குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் செடியையும் எடுத்துக்கொண்டனர். எத்திலீனை உணர முடியாத ரகங்களை இறுகிய மண்ணில் வளர்த்தனர். சாதாரண செடிகளின் வேர் தயங்கி நின்ற அதே மண்ணில், இவற்றின் வேர்கள் துளைத்துக்கொண்டு போயின. மண்ணின் கெட்டித்தன்மை மட்டுமே காரணமாக இருந்திருந்தால், இரண்டுமே ஒரே மாதிரி நின்றிருக்க வேண்டும்.

அப்படியானால் எத்திலீனை நிறுத்திவிடலாமா?

அவ்வளவு எளிதல்ல. தண்ணீர் தேங்கிய வயலிலும் எத்திலீன் வேரிலேயே சிக்கிக்கொள்ளும். அங்கே அது நெல்லுக்கு உதவி செய்கிறது. வேருக்குள் காற்றறைகளை உருவாக்கி, ஆக்சிஜன் நுனிவரை போக வழி செய்கிறது. செடி முழுவதும் எத்திலீனை உணராமல் செய்தால் இதுபோன்ற நன்மைகளும் போய்விடும். அதனால், இறுகிய மண்ணில் மட்டும் பிரேக் தளர்ந்த ரகங்களை உருவாக்க முடியுமா என்பதே இப்போதைய கேள்வி.

இப்போதைக்கு விவசாயிகள் என்ன செய்யலாம்?

வாயு வெளியேற மண்ணில் வழி இருந்தால் வேர் தானாக இறங்கும். அதற்குச் செய்ய வேண்டியவை:

* ஈரம் காயாத வயலில் கனமான இயந்திரங்களை இறக்குவதைத் தவிர்க்கலாம். ஈரமான மண்தான் எளிதில் இறுகும்.

* அடிமண்ணில் கடினத் தட்டு இருந்தால், மண் காய்ந்திருக்கும்போது உளிக்கலப்பையால் ஆழ உழலாம்.

* தொழு உரம் இடலாம். தக்கைப்பூண்டு, சணப்பு போன்ற பசுந்தாள் உரப் பயிர்களை மடக்கி உழலாம். இவை மண்ணைப் பொலபொலப்பாக்கும்.

வேர் ஆழமாகப் போனால்தான் கீழே இருக்கும் ஈரமும் சத்தும் பயிருக்குக் கிடைக்கும். மழை தள்ளிப்போகும் நாட்களில் பயிரைத் தாங்குவது அந்த ஈரம்தான்.