புள்ளினத்துக்கு அமைந்த அறச்சாலைகள்

இல்லறத்தார்க்குச் சமணம் விதித்த தானங்கள் நான்கு. உணவு, மருந்து, அடைக்கலம், நூல் என்னும் இவற்றை ஆகாரதானம், ஔடததானம், அபயதானம், சாத்திரதானம் எனப் பெரியோர் வழங்குவர். இவற்றுள் மருந்தும் அடைக்கலமும் மனிதர்க்கு மட்டும் உரியன என்று அறநூல்கள் வரையறுக்கவில்லை. ஐம்பொறிகளும் உடைய பறவையும் நோயுற்றால் துன்புறும். துன்புறும் உயிர் எதுவாயினும் அதற்கு மருந்தளிப்பது அறமே.

தமிழ்ச் சமணக் காப்பியங்கள் இவ்வுண்மையைக் கதைகளாக்கி உரைத்தன. மாவினால் செய்த கோழியைப் பலியிட்டதன் விளைவாகப் பல பிறவிகளில் உழன்ற மன்னனின் வரலாறே யசோதர காவியம். சீவக சிந்தாமணியின் முத்தி இலம்பகத்தில் சீவகனின் முற்பிறப்பு கூறப்படுகிறது. அப்பிறப்பில் அரசிளங்குமரனாகிய அவன் அன்னக்குஞ்சு ஒன்றைச் சுற்றத்தினின்றும் பிரித்து வளர்த்தான். தந்தை அறம் உரைக்கக் கேட்டு அதனை விடுவித்தான். ஆயினும் அவ்வினை சீவகப் பிறவியிலும் தொடர்ந்து, அவனைப் பெற்றோரிடமிருந்து பிரித்தது. பறவையைக் கூட்டில் அடைப்பதும் தீவினையே என்பது திருத்தக்கதேவர் கொண்ட கருத்து.

அசோகர் முதல் காம்பே வரை

விலங்குகட்கு மருத்துவம் செய்த செய்தி இந்திய வரலாற்றில் மிகப் பழமையானது. பேரரசர் அசோகர் தம் இரண்டாம் பாறைக் கல்வெட்டில், மக்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ ஏற்பாடு செய்யப்பட்டதையும், மருந்து மூலிகைகள் இல்லாத இடங்களில் அவை கொணர்ந்து நடப்பட்டதையும் குறிப்பிடுகிறார். எல்லைப்புற நாட்டினராகச் சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோரை அக்கல்வெட்டு சுட்டுவதால், இச்செய்தி தமிழகத்தோடும் தொடர்புடையதாகிறது. ஐந்தாம் தூண் கல்வெட்டில் கொல்லத்தகாத உயிர்களின் பட்டியல் கிளி, மைனா ஆகிய பறவைகளின் பெயர்களோடு தொடங்குகிறது.

குசராத்தில் சமண வணிகர் பேணிய 'பாஞ்சராப்போல்' என்னும் விலங்குக் காப்பகங்கள் இவ்வறத்தை நிறுவனமாக நிலைநிறுத்தின. 1623ஆம் ஆண்டு காம்பே நகருக்கு வந்த இத்தாலியப் பயணி பியத்ரோ தெல்லா வல்லே, அங்கே பறவைகளுக்கெனவே அமைந்திருந்த மருத்துவச் சாலையை நேரில் கண்டு எழுதியுள்ளார். முடமானவையும் நோயுற்றவையுமான பறவைகள் அங்குப் பேணப்பட்டன. நலமடைந்தபின் காட்டுப் பறவைகள் பறக்கவிடப்பட்டன. வீட்டுப் பறவைகள் அருளுடையார் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டன. தாயற்ற எலிக்குட்டிகளுக்கு முதியவர் ஒருவர் இறகினால் பால் புகட்டியதையும் அவர் வியந்து குறித்துள்ளார். நலமடைந்த காட்டுப் பறவையைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாமல் வானுக்கே திருப்பித் தருவது என்னும் இன்றைய மருத்துவ நெறி, நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே அங்கு நடைமுறையில் இருந்தது.

தில்லி லால் மந்திர் மருத்துவமனை

அம்மரபின் இன்றைய புகழ்பெற்ற வடிவம் தில்லியில் உள்ளது. செங்கோட்டைக்கு எதிரே, சாந்தினி சௌக்கின் முகப்பில் நிற்பது திகம்பர ஜைன லால் மந்திர். 1929இல் சிறிய அளவில் தொடங்கப்பெற்ற பறவை மருத்துவமனை, பின்னர் இவ்வாலய வளாகத்தில் தனிக் கட்டடம் பெற்றது. கர்நாடக மண்ணில் தோன்றிய திகம்பர ஆசாரியர் தேசபூஷண முனிவரின் அருளுரையே அதற்குத் தூண்டுதல். 1957இல் அன்றைய உள்துறை அமைச்சர் கோவிந்த வல்லப பந்த் அதனைத் திறந்துவைத்தார்.

மின்விசிறியில் அடிபட்ட புறா, வெயிலில் மயங்கி வீழ்ந்த கிளி, காற்றாடி நூலில் சிக்கிய பறவை எனப் பலவும் அங்குக் கொண்டுவரப்படுகின்றன. கட்டணம் இல்லை, அன்பர்களின் நன்கொடையே ஆதாரம். சேர்க்கப்பட்ட பறவை கொண்டுவந்தவரிடம் திருப்பித் தரப்படுவதில்லை என்பது அதன் உறுதியான விதி. குணமடைந்த பறவை மீண்டும் கூண்டுக்குச் செல்லலாகாது என்பதே காரணம்.

பருந்து எழுப்பிய வினா

அங்கு மற்றொரு விதியும் உண்டு. புலால் உண்ணும் பறவைகளுக்குப் புறநோயாளிகளாக மருந்திடுவரேயன்றி, மற்றவற்றைப் போல உள்ளே தங்கவைப்பதில்லை. தங்கவைத்தால் இறைச்சி அளிக்க வேண்டும். கொலையைத் தான் செய்தல், பிறரால் செய்வித்தல், செய்தாரை உடன்படுதல் ஆகிய மூன்றையும் தீவினை எனக் கொள்ளும் சமயத்தின் அறச்சாலை, இறைச்சி வாங்குவது எங்ஙனம் இயலும்? எனவே இவ்விதியை இரக்கமின்மை என்று கூறுதல் பொருந்தாது.

ஆயினும் சிறகொடிந்த பருந்தின் துன்பம் அவ்விளக்கத்தால் தீர்வதில்லை. தில்லியில் நதீம் ஷெஹ்சாத், முகமது சௌத் என்னும் உடன்பிறந்தார் இருவர், புலாலுண்ணும் பறவை என்பதால் காயமுற்ற கரும்பருந்துக்கு இடம் கிடைக்காத நிலையைக் கண்டனர். 2003ஆம் ஆண்டளவில் தாமே அப்பணியில் இறங்கினர். வசீராபாத்தில் உள்ள தம் இல்லத்தின் கீழ்த்தளத்திலும் மாடியிலும் அவர்கள் பேணிக் காத்த பருந்துகள் ஆயிரக்கணக்கானவை. சோப்புக்குழம்பு ஊற்றும் கருவிகளைச் செய்து விற்ற வருவாயும், பிறர் நன்கொடையும் அப்பணிக்கு உதவின. இறைச்சிக்கும் மருந்துக்கும் பணம் போதாது அவர்கள் பட்ட இடர்களை, ஷௌனக் சென் இயக்கி 2022இல் வெளிவந்த 'ஆல் தட் பிரீத்ஸ்' என்னும் ஆவணப்படம் உலகறியச் செய்தது. அப்படம் அவ்வாண்டு கான் திரைவிழாவில் சிறந்த ஆவணப்படத்துக்கான விருதைப் பெற்றது.

ஒரு சமயத்தார் தம் நோன்பு காரணமாகச் செய்ய இயலாததை மற்றொரு சமயத்தார் செய்தனர். இதில் போட்டி ஏதுமில்லை. அருள் இருவழியாகப் பாய்ந்தது என்பதே உண்மை. பருந்தின் உணவு அதன் பிறவியால் வந்தது. அது அறிந்து தேர்ந்த குற்றம் அன்று. பகவான் மகாவீரரே ஒரு முற்பிறப்பில் சிங்கமாக இருந்து, சாரண முனிவர் உரைத்த அறங்கேட்டு நற்காட்சி பெற்றதாகப் புராணம் கூறுகிறது. ஊனுண்ணும் விலங்கென்று அம்முனிவர் அதனை விலக்கிச் சென்றிருப்பின் அவ்வரலாறே இல்லை. பருந்துக்குக் கட்டுப்போட்டு, அதனைத் தக்க உணவோடு பேணவல்லார் கையில் சேர்ப்பது வரையிலான கடமை, எந்நோன்பையும் குலைப்பதில்லை.

இன்றைய கடமை

கண்ணாடித்தூள் பூசிய மாஞ்சா நூல், சிறகின் முன்விளிம்பில் உள்ள மெல்லிய தோலையும் தசைநாரையும் அறுத்துவிடுகிறது. நைலான் முதலிய செயற்கை இழை மாஞ்சாவை 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடெங்கும் தடைசெய்தது. உத்தராயண நாளில் காற்றாடி விழா கொண்டாடும் குசராத்தில், அவ்வாண்டு முதல் சனவரித் திங்களில் 'கருணா அபியான்' என்னும் பறவை மீட்பு இயக்கத்தை அம்மாநில அரசு நடத்திவருகிறது. சென்னையில் மாஞ்சா நூல் மனித உயிரையும் பறித்தது. ஆதலின் இது வடபுலத்துச் சிக்கல் மட்டும் அன்று.

அடிபட்ட பறவையைக் கண்டால் துணியால் மெல்லப் போர்த்தி எடுத்து, காற்றுத் துளையிட்ட அட்டைப்பெட்டியில் இருளும் அமைதியும் உள்ள இடத்தில் வைத்தல் வேண்டும். அச்சமே பல பறவைகளைக் கொல்லும். வாயில் நீரூற்றுதல் கூடாது. அது மூச்சுக்குழலுள் செல்லக்கூடும். எலும்பு வெளித்தெரியும் முறிவை வீட்டிலேயே நீரூற்றிக் கழுவுதலும் தீது. பறவையின் மேற்சிறகெலும்பு காற்றுப்பையோடு இணைந்தது. நூல் சிக்கியிருந்தால் இழுக்காமல் இருபுறமும் வெட்டிவிட்டு, கால்நடை மருத்துவரிடமோ வனத்துறையிடமோ விரைவில் ஒப்படைத்தல் நன்று. காட்டுப் பறவையை வீட்டில் வளர்த்தல் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் முரணானது.

திருவிழா நாள்களில் ஜினாலயங்களில் அன்னதானம் சிறப்பாக நடைபெறுகிறது. அதனோடு ஓர் அட்டைப்பெட்டி, ஒரு தூய துணி, அருகிலுள்ள கால்நடை மருத்துவரின் தொலைபேசி எண் ஆகிய மூன்றும் ஒவ்வோர் ஆலயத்திலும் இருக்குமாயின், ஔடததானமும் அபயதானமும் அங்கே இடம்பெறும். இதற்குப் பெருஞ்செல்வம் வேண்டுவதில்லை. வீழ்ந்து கிடக்கும் பறவையைக் கண்டு நின்று குனியும் மனம் ஒன்றே வேண்டும்.