கப்பலேறும் முன்னும் கரையிறங்கிய பின்னும்: குழந்தைகள் இல்லப் பணிக்கு வந்த மேலைநாட்டாரின் ஆயத்தமும் தமிழும்

கடல் கடந்த நாடொன்றில் ஆதரவற்ற குழந்தைகள் வாழும் இல்லத்திற்குச் சென்று ஊதியமின்றித் தொண்டாற்ற விரும்பிய கிறித்தவர்கள் அப்பணிக்குத் தம்மை எவ்வாறு ஆயத்தப்படுத்திக்கொண்டனர் என்பது சமய வரலாற்றாசிரியர்க்கு உரிய வினாவாகவே கருதப்படுவதுண்டு. திருநெல்வேலிச் சீமையை மையமாக வைத்து நோக்கினால் அது தமிழ்மொழி வரலாற்றுக்கும் உரிய வினாவாகிவிடுகிறது. இக்கட்டுரை டோனாவூர்க் குழந்தைகள் இல்லத்தை முதன்மைச் சான்றாகக் கொள்கிறது. அவ்வாயத்தத்தின் பெரும்பகுதி கப்பலேறும் முன்னர் நிகழ்ந்ததன்று. கரையிறங்கிய பின்னர், தமிழர் முன்னிலையில், தமிழின் வழியாகவே நிகழ்ந்தது என்பதை இது காட்ட முற்படுகிறது.

இரண்டு சொற்களை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ளுதல் நலம். ‘ஆயத்தம்’ என்பது தமிழ்க் கிறித்தவ வழக்கில் பொருள்களைத் திரட்டுவதை மட்டும் குறிப்பதில்லை. மனத்தைச் செப்பம் செய்வதையும் குறிக்கும். ‘அநாதை’ என்னும் சொல்லுக்கு ஈடாகத் தமிழ் விவிலியம் ‘திக்கற்ற பிள்ளைகள்’ என்னும் தொடரை ஆள்கிறது. பெற்றோரை இழந்தமையை விடச் செல்லும் திசையை இழந்தமையே இத்தொடரில் முன்னிற்கிறது. தாய் தந்தையர் உயிருடனிருந்தும் இல்லங்களில் வாழ நேர்ந்த குழந்தைகளுக்கு இத்தொடரே பொருத்தமுடையது. இவ்வேறுபாடு பின்னர் வரும் செய்திகளுக்கு இன்றியமையாதது.

ஹாலேயிலிருந்து தரங்கம்பாடிக்கு

ஐரோப்பியச் சீர்திருத்தத் திருச்சபைப் பணிக்கும் குழந்தைகள் இல்லத்திற்கும் உள்ள தொடர்பு பழமையானது. செருமனியின் ஹாலே நகரில் பிராங்கே என்பார் எழுப்பிய அநாதை இல்லத்தின் பெருங்கட்டடப் பணி 1698இல் தொடங்கிற்று. பள்ளி, அச்சகம், மருந்தகம், புத்தகக்கடை எனப் பல கிளைகளாக விரிந்த அந்நிறுவனத்தின் சூழலிலிருந்தே சீகன்பால்கும் புளூட்சோவும் புறப்பட்டனர். தமிழ் நூல்களை அச்சிட வேண்டிய எழுத்துருக்களும் பின்னர் ஹாலேயிலேயே வார்க்கப்பட்டன. அநாதை இல்லமொன்றின் நிழலில் உருவான எழுத்துகளால் தமிழ் அச்சேறியது என்னும் செய்தி அச்சு வரலாறுகளில் இடம்பெறினும், அதற்குரிய அழுத்தம் தரப்படுவதில்லை.

இவ்விருவரும் 1705 நவம்பரில் கப்பலேறி 1706 சூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியில் இறங்கினர். இறையியல் கற்றிருந்தனர்; குருப்பட்டம் பெற்றிருந்தனர்; தமிழில் ஒரு சொல்லும் அறியார். சீகன்பால்கு திண்ணைப்பள்ளிப் பிள்ளைகளோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகிய செய்தி யாவரும் அறிந்தது. இரண்டாண்டுகளுக்குள் தாம் திரட்டிய தமிழ்ச் சுவடிகளுக்கு அவர் விளக்கப் பட்டியல் எழுதும் நிலையை எய்தினார். ஏழு மாதக் கடற்பயணம் தராத ஆயத்தத்தை ஒரு பள்ளித் திண்ணை தந்தது. குழந்தைகளுக்குக் கற்பிக்க வந்தவர் குழந்தைகளோடு கற்க நேர்ந்த இந்நிலை அடுத்த இரு நூற்றாண்டுகளிலும் மீண்டும் மீண்டும் காணப்படுகிறது.

பெட்டியும் பாடநூலும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆயத்தம் ஒரு முறைமையாகிவிட்டது. அனுப்பும் சங்கம் விண்ணப்பதாரரை நேர்காணும். மருத்துவர் உடல்நிலைக்குச் சான்று தருவார். வெப்பநாட்டுக்குரிய உடையும் தொப்பியும் தகரப்பெட்டியில் அடுக்கப்படும். கொழும்பு வழியாகத் தூத்துக்குடியில் வந்திறங்கியோரும் உண்டு. வந்த பின் முன்ஷியிடம் பாடம். அதன் பின் மொழித் தேர்வு. தேர்வில் தேறிய பின்னரே முழுப்பொறுப்பு அளிக்கப்பட்டது.

இவர்கள் கையாண்ட நூல்களில் போப்பின் தமிழ்க் கைந்நூலும், ஆர்டன் எழுதிய இலக்கணமும் முதன்மையானவை. இரண்டும் தம் தலைப்பிலேயே பொதுமக்கள் வழங்கும் தமிழைக் கற்பிப்பதாகக் கூறிக்கொண்டன. எனினும் அயல்நாட்டார் தமிழ் கற்றதன் முதன்மை நோக்கம் வேறு: உரையாற்றுதல், வேதம் வாசித்தல், வினாவிடை நடத்துதல். நள்ளிரவில் அழும் கைக்குழந்தையை ஆற்றும் தமிழ் இலக்கண நூலின் எப்பாடத்திலும் அடங்காது. 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மறைப்பணி மாநாடு தன் எட்டுக் குழுக்களுள் ஒன்றை மறைப்பணியாளரின் ஆயத்தத்திற்கென்றே ஒதுக்கி மொழிப் பயிற்சியை ஆராயச் செய்தது. முன்னேற்பாடுகளில் குறையுண்டு என்பதை அனுப்பியவர்களே உணர்ந்திருந்தமைக்கு இது சான்றாகும்.

கார்மைக்கேலின் தாமதங்கள்

அயர்லாந்தின் மில்லைல் என்னும் ஊரில் 1867இல் பிறந்த எமி கார்மைக்கேலின் வாழ்வில் இக்குறை தெளிவாகத் தெரிகிறது. பெல்ஃபாஸ்ட் நகர ஆலைப் பெண்களிடையே பணியாற்றிய பின், சீன உள்நாட்டு மறைப்பணிக்கு விண்ணப்பித்து, இலண்டனிலிருந்த பயிற்சி இல்லத்தில் தங்கினார். புறப்பட ஆயத்தமாயிருந்த நிலையில் உடல்நலம் போதாதென அவர் பயணம் தடைப்பட்டது. 1893இல் சப்பான் சென்று பதினைந்து மாதங்களில் நோயுற்றுத் திரும்பினார். இடையில் இலங்கையிலும் சிலகாலம் இருந்தார். 1895இல் பெங்களூர் வந்து, பின் திருநெல்வேலிப் பகுதிக்குப் பெயர்ந்தார். அதாவது, முறைப்படி ஆயத்தம் செய்யப்பட்ட நாட்டுக்கு அவர் செல்லவேயில்லை; சென்ற நாட்டுக்கு முன்னாயத்தம் இல்லை.

திருநெல்வேலியில் தாமஸ் வாக்கர் அவருக்குத் தமிழ் கற்க வழிகாட்டினார். வாக்கர் தமிழில் ஆழ்ந்த பயிற்சியுடையவர். பண்ணைவிளையில் தங்கிய ஆண்டுகளில் தமிழ்க் கிறித்தவப் பெண்கள் சிலருடன் ஊர் ஊராகச் சென்றபோது கார்மைக்கேலின் மொழி தெருவுக்கும் வீட்டுக்கும் உரியதாயிற்று. காப்பித்தூளால் முகத்தைக் கறுக்கச் செய்து அவர் கோயில்களுக்குள் மாறுவேடத்தில் சென்றதாகச் சொல்லப்படும் கதையை ஞாயிறு பள்ளி நூல்கள் பெரிதும் விரும்புகின்றன. தோலின் நிறத்தை மாற்றிக்கொண்டவர் வாய்திறந்தவுடன் என்ன நேர்ந்திருக்கும் என்பதை அந்நூல்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. வேடத்தைக் காப்பாற்றியிருக்கக்கூடியது மொழி ஒன்றே.

1901 மார்ச்சில், கோயிலுக்கு ஒப்படைக்கப்படவிருந்த பிரீனா என்னும் சிறுமி தப்பி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். டோனாவூர் இல்லத்தின் தொடக்கமாக இந்நிகழ்ச்சி கொள்ளப்படுகிறது. ஊரின் பெயரும் ஒரு நன்கொடையின் நினைவே: இரேனியஸ் காலத்தில் அங்குக் கோயில் எழுப்பப் பணம் தந்த டோனா பிரபுவின் பெயரால் அது வழங்கலாயிற்று. 1913 அளவில் அவ்வில்லத்தில் ஏறத்தாழ 130 பெண்குழந்தைகள் வாழ்ந்தனர். 1918 முதல் ஆண்குழந்தைகளும் சேர்க்கப்பட்டனர். 1927இல் இவ்வமைப்பு தனி ஐக்கியமாகப் பதிவு பெற்றது.

இங்கு வந்து சேர விரும்பிய அயல்நாட்டார்க்கு ஊதியம் இல்லை. பணம் வேண்டி வெளியில் முறையீடு செய்வதும் இல்லை. விண்ணப்பித்தோரிடம் கார்மைக்கேல் பல வினாக்கள் தொடுத்தார். ஆன்மிக நிலை பற்றிய வினாக்களோடு, பிறமொழி ஏதேனும் கற்றதுண்டா, களைப்புற்ற வேளையில் நூல்களன்றி வேறெது உமக்குப் புத்துணர்வு தருகிறது என்பன போன்றவையும் அவற்றில் அடங்கும். இவ்விரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையன என்பது என் கருத்து. நாற்பது வயதுக்காரர் ஒருவர் ழகரத்தோடு நாள்தோறும் போராடுவதற்கும், இரவு முழுவதும் குழந்தையோடு விழித்திருப்பதற்கும் தேவைப்படுவது ஒரே வகைப் பொறுமை.

சித்தியும் அக்காளும்

டோனாவூரின் உறவுப்பெயர் முறை தமிழாய்வாளர்களின் தனிக் கவனத்திற்குரியது. திருநெல்வேலி மக்கள் ஐரோப்பியப் பெண் ஊழியரை ‘மிஸ்ஸியம்மா’ என்றழைப்பது வழக்கு. 1955இல் ஒரு திரைப்படத்திற்கே பெயராகும் அளவுக்கு அச்சொல் தமிழில் ஊன்றிவிட்டிருந்தது. டோனாவூரில் அவ்வழைப்பு நிலைக்கவில்லை. ஐரோப்பியப் பெண்கள் ‘சித்தி’, தமிழ்ப் பெண்கள் ‘அக்காள்’, ஆண்கள் ‘அண்ணாச்சி’, கார்மைக்கேல் ‘அம்மா’. தம் இல்லம் நிறுவனமன்று, குடும்பமே என அவர் வற்புறுத்தியதை இம்முறை செயற்படுத்திக் காட்டிற்று. 1951 சனவரியில் அவர் மறைந்தபோது, அவர் விருப்பப்படி கல்லறைக்கல் நாட்டப்படவில்லை. பறவைகள் நீராடும் தொட்டியொன்றை வைத்து ‘அம்மா’ என்னும் ஒரு சொல்லை மட்டும் பொறித்தனர்.

இதனை வெறும் அன்பின் வெளிப்பாடு எனக் கொள்வது போதாது. ‘சித்தி’ தாயின் தங்கை. அதே சொல் மாற்றாந்தாயையும் குறிக்கும். தாய் இல்லாத இடத்தைத் தாய்வழி உறவால் நிரப்பும் சொல் அது. மணமாகாத அயல்நாட்டுப் பெண்ணுக்குத் தமிழ்க் குடும்பத்தில் வேறெந்த இடமும் இயல்பாக வாய்த்திராது. ஆயினும் ஒரு நெருடலும் இதில் உண்டு. ஐரோப்பியர் தாயின் தலைமுறையிலும், தமிழ்ப் பெண்கள் பிள்ளைகளின் தலைமுறையிலும் வைக்கப்பட்டனர். ஒரே பணி, ஒரே வயது. எனினும் உறவுமுறையில் ஒரு படி வேறுபாடு. காலனியக் காலத்தின் மேல் கீழ் வரிசை, தமிழ் உறவுச்சொல்லுக்குள்ளேயே இடம்பிடித்துக்கொண்டதை இது காட்டுகிறது.

வழக்கும் வாக்குமூலமும்

இல்லம் எதிர்ப்புகளையும் சந்தித்தது. குழந்தைகளைக் கடத்தியதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. குழந்தையின் காவல் குறித்து நீதிமன்றம் வரை வழக்குகள் சென்றன. கோயிலுக்கு ஒப்படைத்தலைத் தடுக்கச் சட்டம் 1947இல்தான் சென்னை மாகாணத்தில் நிறைவேறியது; முத்துலட்சுமி ரெட்டியின் நெடும்போராட்டம் அதற்கு முன்னின்றது. அதற்கு முந்தைய காலத்தில் ஒரு குழந்தை யாருக்குரியது என்பதற்கு எளிய விடை இல்லை. தாயின் உரிமையைக் கார்மைக்கேல் எப்போதும் போதிய அளவு மதித்தார் என்று சொல்லவியலாது. ஆனால் தாய் பேசியது அவருக்குப் புரிந்தது; அவர் பேசியதும் தாய்க்குப் புரிந்தது. கருத்து மாறுபாட்டை ஒரே மொழியில் நிகழ்த்த முடிந்தது.

இவ்வாய்ப்பு இல்லாதவிடத்து என்ன நேரும் என்பதற்கு எயிட்டி நாட்டில் ஒரு சான்றுண்டு. அந்நாட்டில் 2010 சனவரியில் நேர்ந்த நிலநடுக்கத்தின் பின், அமெரிக்கத் திருச்சபைகளைச் சேர்ந்த பத்துப் பேர், குழந்தைகள் இல்லம் அமைக்கும் நோக்கத்தோடு விரைந்து சென்றனர். 33 குழந்தைகளை உரிய ஆவணமின்றி எல்லை கடத்தி டொமினிக்கன் குடியரசுக்குக் கொண்டுசெல்ல முயன்றபோது தடுக்கப்பட்டுக் கைது செய்யப்பட்டனர். அக்குழந்தைகளுக்குப் பெற்றோர் இருந்தமை பின்னர் வெளிப்பட்டது. அவர்கள் நன்னோக்கத்தோடு சென்றனர் என்பதை ஐயுற வேண்டியதில்லை. பெற்றோரோடு நேரே பேசி அறியும் காலமும் மொழியும் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

வேறொரு வகையான தீங்கும் உண்டு. கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையே குழந்தைகள் இல்லங்களின் எண்ணிக்கை 75 விழுக்காடு உயர்ந்ததாக யுனிசெஃப் தெரிவித்தது. அங்கு வாழ்ந்த குழந்தைகளுள் பெரும்பாலோர்க்குத் தாயோ தந்தையோ இருந்தனர். வருவோரின் ஆர்வமே இல்லங்களைப் பெருக்கியது என்பது இத்துறையில் ஆய்வோரின் முடிவு. ஆத்திரேலிய நாடாளுமன்றக் குழுவொன்று 2017இல் இதனை அடிமைமுறையோடு தொடர்புடைய சிக்கலாகவே ஆராய்ந்தது. 2019இல் ஐக்கிய நாடுகள் பொதுப்பேரவையும் அநாதை இல்லச் சுற்றுலாவின் தீங்குகளைத் தன் தீர்மானத்தில் குறிப்பிட்டது. ஓரிரு வாரங்கள் தங்கும் குழுக்களின் ஆயத்தத்தில் தடுப்பூசி, கடவுச்சீட்டு, நிதி திரட்டும் மடல், பொம்மலாட்டம், பாட்டுப் பயிற்சி ஆகியன இடம்பெறுகின்றன. மொழிக்கு அதில் கிடைப்பது வணக்கம், நன்றி என்னும் அளவே. வந்தவர் பிரிந்து செல்லும்தோறும் குழந்தை மீண்டும் ஓர் உறவை இழக்கிறது. தாய்ப்பராமரிப்பின் பிரிவு குறித்து உலக நலவாழ்வு நிறுவனத்துக்காக ஜான் பவுல்பி எழுதிய அறிக்கை வெளிவந்த ஆண்டும் 1951 என்பது தற்செயலான பொருத்தம்.

கற்பித்தவர் யார்?

டோனாவூரின் சித்திமார்க்கு வேண்டிய தமிழை யார் கற்பித்தனர் என்னும் வினா எஞ்சுகிறது. இலக்கணத்தை முன்ஷிகள் கற்பித்தனர். தொட்டில், பால், காய்ச்சல், அடம், கதை ஆகியவற்றின் தமிழை அக்காள்மாரே கற்பித்திருத்தல் வேண்டும். அவர்களுள் முதன்மையானவர் பொன்னம்மாள். இளமையிலேயே கைம்பெண்ணான அவர், கார்மைக்கேலின் ஊர்வலம் வந்த குழுவில் தொடக்கத்திலேயே இணைந்தவர். நெய்யூர் மருத்துவமனையை ஒட்டி அமைந்த கைக்குழந்தைகள் விடுதியைப் பொறுப்பேற்று நடத்தியவர். 1915இல் மறைந்தார். வாக்கரின் வாழ்க்கை வரலாற்றை எழுதிய கார்மைக்கேல், பொன்னம்மாளுடையதையும் தனிநூலாக எழுதி 1918இல் வெளியிட்டார். தமக்கு இலக்கணத் தமிழின் வாயிலைத் திறந்தவர், வீட்டுத் தமிழின் வாயிலைத் திறந்தவர் என இருவர்க்கும் அவர் நூல் வழியே கடன் தீர்த்திருக்கிறார். அவ்விரு நூல்களையும் அவர் எழுதியது ஆங்கிலத்தில். பொன்னம்மாளின் பேச்சு, அவர் சொன்ன சொற்கள், குழந்தைகளை அவர் அழைத்த விதம் எல்லாம் அதில் அயர்லாந்துப் பெண்மணியின் ஆங்கிலமாகவே நமக்குக் கிடைக்கின்றன. அவ்வாங்கிலத்தின் அடியில் கிடக்கும் நெல்லைத் தமிழைச் சொல் சொல்லாக மீட்டெடுக்கும் பணி வட்டார வழக்காய்வாளர்க்கு உரியது.